பெடலுக்கு ஓய்வு கொடுக்காதீர்கள்

1902-ல் எஸ்பிளனேடிலிருந்து கிடர்பூருக்கு மின்சார டிராம் ஓடத் தொடங்கியபோது அதற்கு பாட்டரிக் கவலை இல்லை. தலைக்கு மேலே கம்பி, கம்பியில் மின்சாரம். 2020-ல் ஆம்பன் புயலுக்குப் பின் அந்தத் தடம் நின்றுபோனது. துறைமுக லாரிகளுக்கு நடுவே நுழைந்து போகும் மின்சார சைக்கிளுக்கோ கையிருப்புதான் எல்லாம். பாதி வழியில் தீர்ந்தால், கனத்த வண்டியை மிதித்தே வீடு சேரவேண்டும்.

கணக்கு எளிது. 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி பாட்டரியில் இருப்பது 360 வாட்-மணி. பதிவு எண்ணும் லைசென்ஸும் தேவைப்படாத வண்டிகளுக்குச் சட்டம் வைத்திருக்கும் வரம்பு, 250 வாட் மோட்டார், மணிக்கு 25 கிலோமீட்டர் வேகம். அந்த மோட்டாரை முழுமூச்சாக ஓடவிட்டால் பாட்டரி ஒன்றரை மணி நேரம்கூடத் தாங்காது.

உடனே பலருக்கும் தோன்றும் யோசனை, இன்னொரு பாட்டரியைச் சேர்த்துக் கட்டுவது. இங்கேதான் ஆபத்து. நிறைந்த பாட்டரியையும் காலியான பாட்டரியையும் பக்க இணைப்பில் சேர்த்தால், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மின்சாரம் வெள்ளமாகப் பாயும். ஒயர் உருகலாம், லித்தியம் செல்கள் தீப்பிடிக்கலாம். தொடர் இணைப்பில் சேர்த்தால் வோல்டேஜ் இரட்டிப்பாகி கன்ட்ரோலர் கருகும். அதே மாடல் பாட்டரி இன்னொன்றைப் பையில் வைத்துக்கொண்டு, முதலாவது தீர்ந்ததும் மாற்றிக்கொள்வதே பத்திரமான வழி.

அதற்கும் முன்னால், காசு செலவில்லாத வழிகள் இருக்கின்றன. காற்றுத் தடை வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் கூடுகிறது. வேகத்தை 25-லிருந்து 20-ஆகக் குறைத்தால், காற்றை எதிர்க்கச் செலவாகும் சக்தியில் கிலோமீட்டருக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மிச்சம். டயரில் காற்று குறைந்திருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் நஷ்டம். மோட்டார் அதிக மின்சாரத்தை உறிஞ்சுவது நின்ற வண்டி கிளம்பும்போதுதான். கிடர்பூர் நெரிசலில் அது அடிக்கடி நடக்கும். அந்த முதல் சில மிதிகளைக் காலே கொடுத்துவிட்டால் பாட்டரி பிழைக்கும். கொல்கத்தாவில் மேடு அதிகமில்லை என்பது மிதிப்பவருக்குச் சாதகம்.

பாட்டரியின் ஆயுளும் தூரம்தான். வெயிலில் நிறுத்திச் சூடேறிய பாட்டரியை உடனே சார்ஜில் போடக்கூடாது. அடியோடு வற்றவிடுவதும், நிறைய சார்ஜ் ஏற்றி வாரக்கணக்கில் சும்மா வைப்பதும் செல்களை முதுமையாக்கும். மழைநீர் தேங்கும் தெருவில் மூழ்கிய பாட்டரி, காய்ந்ததுபோலத் தெரிந்தாலும் நம்பத்தக்கதல்ல. மெக்கானிக் சோதிக்கும்வரை சார்ஜர் பக்கம் போகாமல் இருப்பது நல்லது.