பூஜ்யத்துக்குப் பாராட்டு, உண்மைக்கு மெமோ!

சில மாதங்களுக்கு முன் இயக்க வேலையாக ஒரு கிராமத்துக்குப் போயிருந்தேன். இருட்டி வெகு நேரமாகியும் துணை சுகாதார நிலையத்தில் விளக்கு எரிந்தது. எட்டிப் பார்த்தேன். பகலெல்லாம் வீடு வீடாக அலைந்த நர்ஸ் அம்மாள் ஏழெட்டு நோட்டுகளைப் பரப்பி எழுதிக்கொண்டிருந்தார். எழுதி முடித்தபின் அதே விவரங்களை செல்போனிலும் ஏற்ற வேண்டுமாம்.

“எதற்கம்மா இரண்டு தடவை?” என்று கேட்டேன்.

“மேலே கேட்கிறாங்க, அண்ணே. அதுகூடப் பரவாயில்லை. குழந்தைக்கு எடை குறைச்சல்னு எழுதினா, ஏன் எதுக்குன்னு போன் வரும், மெமோ வரும். எல்லாம் சரின்னு போட்டா ஒரு கேள்வியும் கிடையாது” என்றார். எடை போடும் தராசு பழுதாகிப் பல மாதமாயிற்று என்பதையும் சொன்னார். தராசு பழுது என்று எழுத அந்த நோட்டுகளில் கட்டம் இல்லை!

இலாகா இதற்குக் “கண்காணிப்பும் மதிப்பீடும்” என்று பெயர் சூட்டியிருக்கிறது. நோயைக் கண்காணிக்க வேண்டிய ஏற்பாடு சிப்பந்தியைக் கண்காணிக்கும் ஏற்பாடாகிவிட்டால் கணக்கு எப்படி உண்மையாக இருக்கும்? பொய் எழுதுகிறவர் என்று அந்த அம்மாளை ஏசுவது சுலபம். உண்மை எழுதினால் தண்டனை என்ற நிலையை உண்டாக்கியது யார்?

இது புதிய வியாதியல்ல. 1962-ல் தேசிய பெரியம்மை ஒழிப்புத் திட்டம் ஆரம்பமாயிற்று. அம்மை குத்துகிறவரிடம் “எத்தனை பேருக்குக் குத்தினாய்?” என்பதே கேள்வி. அவரும் எண்ணிக்கை காட்டினார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சுலபத்தில் அகப்படுவார்கள். அவர்களுக்கே திரும்பத் திரும்பக் குத்தினார்கள். பிழைப்புக்காக ஊர் ஊராக அலைகிற கூலிக் குடும்பங்களும் குடிசைவாசிகளும் விடுபட்டார்கள். காகிதத்தில் கோடி கோடியாக ஏறியது. வைசூரி மட்டும் போகவில்லை. தன் பகுதியில் நோய் என்று எழுதினால் தன் தலைக்குத் தீம்பு என்பதால், நோயையும் மறைத்தார்கள்.

1973 அக்டோபரில் உத்தரப் பிரதேசத்திலும் பீஹாரிலும் வேறு வழியில் இறங்கினார்கள். சிப்பந்திகள் நோயாளியின் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஊர் ஊராகத் தேடினார்கள். எந்த ரிக்கார்டிலும் இல்லாத ஆயிரக்கணக்கான நோயாளிகள் வெளிப்பட்டார்கள்! தேடியவர் போன ஊர்களில் சிலவற்றுக்கு இன்னொருவர் போய், “உங்களிடம் ஆள் வந்தாரா?” என்று சரிபார்த்தார். நோயைத் தெரிவித்தவருக்கு மெமோ அல்ல, பணம் கொடுத்தார்கள். முதலில் 50 ரூபாய், பிறகு 100, 1975-ல் 1,000 ரூபாய். 1974-ல் கணக்கு 1,88,000 நோயாளிகள், 31,000-க்கு மேல் சாவு என்று ஏறியது. நோய் பரவியதும் உண்மை, மறைந்து கிடந்தது வெளிவந்ததும் உண்மை. அந்த எண்ணைக் கண்டு வெட்கப்பட்டுத் தேடுவதை நிறுத்தியிருந்தால்? நிறுத்தவில்லை. 1975 மே மாதத்துக்குப் பிறகு இந்தியாவில் வைசூரி இல்லை.

இந்தப் பாடம் கொரோனா காலத்தில் எங்கே போயிற்று? சென்னையில் விடுபட்ட 444 மரணங்களை 2020 ஜூலையில் ஒரே நாளில் சேர்க்க வேண்டியதாயிற்று. பிந்தியாவது சேர்த்தார்கள், அதைக் குறை சொல்ல மாட்டேன். தேச அளவில் நடந்ததைப் பாருங்கள். 2021 முடிவு வரை கொரோனாவால் இறந்தவர்கள் 4 லட்சத்து 81 ஆயிரம் என்றது மத்திய சர்க்கார். அந்த இரண்டு வருஷங்களில் இந்தியாவில் வழக்கத்துக்கு மேல் சுமார் 47 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார ஸ்தாபனம் 2022-ல் மதிப்பிட்டபோது, கணக்கிட்ட முறையே தவறு என்று ஆட்சேபித்தது. சரி, உங்கள் சொந்த ஜனன மரணப் பதிவேடு என்ன சொல்கிறது? 2020-ல் 81 லட்சம் மரணங்கள். 2021-ல் 1 கோடியே 2 லட்சம். ஒரே வருஷத்தில் 21 லட்சம் கூடுதல்! இந்தப் புள்ளிவிவரம் வெளியானது 2025 மே மாதத்தில்தான். அதற்குள் எத்தனை விதவைகள் நிவாரணப் பணத்துக்காக, “கொரோனா” என்ற ஒரு சொல் இல்லாத சர்டிபிகேட்டுடன் ஆபீஸ் ஆபீஸாக அலைந்திருப்பார்கள்?

2021-ல் எடுக்க வேண்டிய ஜனத்தொகைக் கணக்கோ 2027-க்குத் தள்ளப்பட்டது. எத்தனை குழந்தைகள் இருக்கிறார்கள் என்றே தெரியாமல், நூற்றுக்கு இத்தனை பேருக்குத் தடுப்பூசி போட்டோம் என்பதில் என்ன பொருள்?

“மருந்தே இல்லாத ஊரில் கணக்கைப் பற்றி என்ன கவலை?” என்று நம் தோழர்களே கேட்பதுண்டு. மருந்து அந்தக் கணக்கைப் பார்த்துத்தானே வருகிறது! காகிதத்தில் காய்ச்சல் இல்லாத ஊருக்கு டாக்டர் ஏன் வருவார்?

ஆகவே வருகிற கிராம சபைக்கு எல்லோரும் போங்கள். நம் ஊரில் இந்த வருஷம் எத்தனை குழந்தைகள் பிறந்தன, எத்தனை இறந்தன, எடை குறைந்தவை எத்தனை என்று சுகாதார நிலையத்தின் கணக்கைப் படிக்கச் சொல்லுங்கள். ஊர்த் தாய்மாருக்குத் தெரிந்த கணக்கோடு அது ஒத்துப்போகிறதா பாருங்கள். ஒத்துப்போகாவிட்டால் அந்த நர்ஸ் மீது பாயாதீர்கள். தராசை ஏன் ரிப்பேர் செய்யவில்லை, காலி இடங்களை ஏன் நிரப்பவில்லை என்று மேலே இருப்பவர்களைக் கேட்டுத் தீர்மானம் போடுங்கள். உண்மை எழுதியதற்காக அவருக்கு மெமோ வந்தால், அதையும் கிராம சபையில் படிக்கச் சொல்லுங்கள்.