புட்டியில் 80 பெயர், மூட்டையில்?

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023/1545 ஒழுங்குவிதியை இவ்விதழ் வரவேற்கிறது. 26 பெயர்களோடு தொடங்கிய நறுமண ஒவ்வாமைப் பட்டியல் இப்போது 80-ஐத் தாண்டிவிட்டது. பூசிக்கொள்ளும் பொருளில் 0.001 விழுக்காட்டையும் கழுவிவிடும் பொருளில் 0.01 விழுக்காட்டையும் மிஞ்சினால் பெயரை அச்சிட்டே ஆக வேண்டும். புதிய சரக்குக்குக் கெடு 2026 ஜூலை 31. ஏற்கெனவே விற்பனையில் இருப்பவற்றுக்கு 2028 ஜூலை 31.

லினலூல் போன்ற முன்ஹாப்டன்களையும் விதி கணக்கில் எடுத்திருக்கிறது. காற்றுபட்டு ஹைட்ரோபெராக்சைடு ஆன பிறகே அது வீரியமான ஒவ்வாமைப் பொருளாகிறது என்பது தோல் மருத்துவர்கள் அறிந்ததே.

டி செல்லில் பதிந்த நினைவை அழிக்க மருந்தில்லை. விலகியிருப்பதே சிகிச்சை, விலகப் பெயர் தெரிய வேண்டும். இந்த நியாயம் வாசனைப் புட்டியோடு நின்றுவிடலாமா?

கொத்தனாரின் கையைப் பாருங்கள். ஈரமான சிமெண்ட் கலவையின் காரம் தோலின் அரணை அரிக்கிறது. அதிலுள்ள ஆறிணைதிறன் குரோமியம் உள்ளே நுழைந்து, மூவிணைதிறனாக ஒடுங்கிப் புரதத்தோடு பிணைகிறது. ஒருமுறை உணர்திறன் வந்துவிட்டால், கரணை பிடிக்கும் நாளெல்லாம் வெடிப்பும் நீர்க்கசிவும் அரிப்பும்தான். பட்டை சோதனையில் டைகுரோமேட் வைத்த இடம் 96 மணி நேரத்தில் சிவந்து தடித்திருந்தால், “சிமெண்டைத் தொடாதீர்கள்” என்கிறோம். வேறு தொழில் தெரியாதவர் எங்கே போவார்? வேலையை விட்டாலும் தோல் செருப்பில் அதே குரோமியம் இருக்கிறது.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. டென்மார்க் 1983-இலேயே இரும்பு சல்பேட்டைச் சேர்த்து, கரையும் ஆறிணைதிறன் குரோமியத்தை 2 பிபிஎம்முக்குள் அடக்கியது. அங்கே கட்டுமானத் தொழிலாளரிடம் குரோமிய ஒவ்வாமை குறைந்தது. 2005 முதல் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் அதுவே சட்டம். அந்தச் சேர்மானம் நாள்பட வீரியம் இழக்கும் என்பதால், மூட்டையில் பொதியிட்ட நாளும் அது பலன் தரும் காலமும் அச்சாகின்றன.

இங்கே? சிமெண்டுக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 269-இல் குளோரைடுக்கு வரம்பு உண்டு. கம்பி துருப்பிடிக்கக் கூடாதல்லவா! குரோமியத்துக்கு வரம்பு இல்லை. கம்பிக்குக் காட்டிய அக்கறையைக் கம்பி கட்டுபவரின் கைக்கும் கலவை பூசுபவரின் கைக்கும் காட்ட அதிகாரிகளுக்கு இத்தனை ஆண்டுகள் போதவில்லை. டென்மார்க்கின் அனுபவம் நாற்பது ஆண்டுகளாகக் கண்முன்னே இருக்கிறது.

கைக்கரப்பானோடு வரும் ஒவ்வொரு கட்டடத் தொழிலாளிக்கும் டைகுரோமேட் பட்டை சோதனை செய்யுங்கள். தொழிலையும் முடிவையும் பதிவேட்டில் எழுதுங்கள். அந்தக் கணக்கை இந்தியத் தர நிர்ணய அமைப்புக்கு அனுப்புங்கள். கேட்பது தரநிலை அட்டவணையில் ஒரே ஒரு வரி: கரையும் ஆறிணைதிறன் குரோமியம், அதிகபட்சம் 2 பிபிஎம்.