காலைக் குறையுங்கள், ஜெட்டை அல்ல!

லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கேட்காத ஆள் நம்மூரில் கிடையாது. அந்த ஒரு லிட்டர் பெட்ரோலை எரிக்க எவ்வளவு காற்று வேண்டும் என்று யாராவது கேட்டிருக்கிறோமா? சுமார் 9,000 லிட்டர்! பங்கில் காற்றுக்கும் மீட்டர் போட்டிருந்தால் நாமெல்லாம் இன்னும் சைக்கிள்தான்.

எடைக் கணக்கில், ஒரு கிலோ பெட்ரோல் மிச்சமில்லாமல் எரிய 14.7 கிலோ காற்று. இது புத்தகக் கணக்கு. ரேஸ் கார் டியூன் பண்ணுகிறவரிடம் போய் இதைச் சொன்னால் சிரிப்பார். ஆக்ஸிலரேட்டரை முழுசாக மிதிக்கும்போது அவர் வைப்பது 12.5-லிருந்து 13. டர்போ என்றால் இன்னும் கீழே.

ஏன் இந்த தாராளம்? 6,000 ஆர்.பி.எம்.மில் ஒரு சிலிண்டருக்குள் விநாடிக்கு 50 தடவை தீப்பற்றுகிறது. அந்த அவசரத்தில் எல்லாமே சரியாகக் கலந்துவிடாது. கல்யாணப் பந்தி மாதிரிதான். உட்கார்ந்திருக்கும் கூட்டம் காற்று. ஒருத்தர்கூடப் பசியோடு எழுந்திருக்கக் கூடாதென்றால், சோறு கொஞ்சம் கூடுதலாகத்தான் வடிக்க வேண்டும். உபரி பெட்ரோல் ஆவியாகும்போது உள்ளே சூட்டையும் தணிக்கும்.

என் ஆபீஸ் நண்பர் ஒருவர் பழைய கார்புரேட்டர் கார் ஒன்றை வேகத்துக்காகத் தயார் பண்ணிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை ரேஸ், திங்கட்கிழமை ஆபீஸ், இரண்டுக்கும் அதே கார்.

"அண்ணே, ஸ்பீடும் வேணும், மைலேஜும் வேணும்."

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே, "பட்டினி கிடந்துக்கிட்டே குஸ்தி போடணும்ங்கறீங்க... நம்மால ஆகாது சார்" என்றார்.

நண்பர் விடுவாரா? தானே சின்ன மெயின் ஜெட் ஒன்றை வாங்கி மாட்டினார். மறுநாள் ஸ்பார்க் ப்ளக்கைக் கழற்றி என்னிடம் காட்டினார். "பாத்தியா, பால் மாதிரி வெள்ளை! எஞ்சின் அவ்வளவு சுத்தம்!"

ப்ளக் பிஸ்கட் நிறத்தில் இருந்தால் கலவை சரி. கரி பிடித்திருந்தால் பெட்ரோல் அதிகம். வெள்ளை என்றால் பெட்ரோல் பற்றவில்லை, அதாவது 'லீன்'. நான் சொன்னேன், அவர் கேட்கவில்லை. முழு வேகத்தில் லீனாக ஓடும் எஞ்சினில் சூடு ஏறும், கலவை நேரங்கெட்ட நேரத்தில் வெடிக்கும், 'டொக் டொக்' என்று தட்டும். அலுமினிய பிஸ்டன் எத்தனை நேரம் தாங்கும்? அடுத்த வாரம் பைபாஸில் ஓட்டை விழுந்தது. மிச்சம் பிடித்தது சில லிட்டர், செலவு இரண்டு மாசச் சம்பளம்.

புகைபோக்கியில் ஆக்சிஜனை மோப்பம் பிடிக்கும் சென்சார் 1976-லேயே வால்வோ காரில் வந்துவிட்டது. ஆனால் சாதா சென்சாருக்கு 14.7-க்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா என்றுதான் தெரியும். டியூனிங்குக்கு 'வைட்பேண்ட்' சென்சார்தான் சரி.

இன்னொரு விஷயம். இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20% வரை எத்தனால். அதற்குக் காற்று குறைவாகப் போதும்; கணக்கு 13.5 பக்கம் இறங்கிவிடும். ஆகவே பழைய கார்புரேட்டரில் அன்றைக்குச் சரியாக இருந்த ஜெட், இன்றைக்கு லீன். மறுபடி ப்ளக்கைக் கழற்றிப் பார்ப்பது நல்லது.

மைலேஜ் வேண்டுமா? ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைக் கொஞ்சம் தூக்குங்கள். அதற்கு ஸ்பானர் வேண்டாம், மெக்கானிக் வேண்டாம். பிஸ்டனும் உங்களை வாழ்த்தும்.