விதையைக் குறை சொல்வதை நிறுத்துவோம்



லயத்து ஓரத்தில் போட்ட போஞ்சி முளைத்த கையோடு பழுத்துப் போனால் நாம் முதலில் விதையைத்தான் திட்டுகிறோம். கடைக்காரர் பழைய பக்கெட்டைத் தந்துவிட்டார் என்கிறோம். கண்ணூறு என்று சொல்பவர்களும் உண்டு. மேல் மலையில் என்ன மருந்து அடித்தார்கள் என்று மட்டும் கேட்பதில்லை.

கேட்டால் வரும் பதில் நமக்குத் தெரியும்: “புல்லு மருந்து மண்ணில் பட்டதும் வேலை செய்யாது, விதைக்கு ஒன்றும் ஆகாது.” இது அரை உண்மை. அரை உண்மையை வைத்துத்தான் நம் வாயை அடைக்கிறார்கள்.

கிளைபோசேட் மண்ணோடு இறுக ஒட்டிக்கொள்ளும். மண்ணுக்குள் கிடக்கும் விதையை அது பெரிதாகத் தாக்காது. அது வரை சரி. ஆனால் காற்றில் பறந்து வரும் தூறல் இளம் நாற்றின் இலையில் பட்டால், அது இலை வழியாகக் குருத்துக்கும் வேருக்கும் போய்விடும். குருத்து மஞ்சளாகி நாற்று சாகும்.

டையூரோன் அப்படியல்ல. மேல் மண்ணில் தங்கி, முளைத்து வரும் புல்லைக் கொல்வதே அதன் வேலை. மாதக்கணக்கில் அங்கேயே கிடக்கும். பெருமழையில் மண் கரைந்தால் கான் வழியாக அதுவும் இறங்கும். அந்த மண்ணில் விதை முளைக்கும். விதைக்குள் இருக்கும் சாப்பாடு முடியும் வரை நாற்றும் நிற்கும். பிறகு இலையால் உணவு தயாரிக்க முடியாமல் பழுத்துக் கருகும். புல்லின் முளை எது, போஞ்சியின் முளை எது என்று மருந்துக்குத் தெரியாது.

எம்.சி.பி.ஏ. தூறல் பட்டால் போஞ்சியும் தக்காளியும் இலை சுருண்டு, தண்டு முறுக்கிக்கொள்ளும்.

2015இல் கிளைபோசேட்டைத் தடை செய்தார்கள். ஆளில்லை, புல்லு வெட்ட முடியாது என்று கம்பனிகள் முறையிட்டன. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தடையை நீக்கினார்கள். இடையில் வேறு மருந்துகள் மலைக்கு வந்தன. நம் தேயிலையில் எம்.சி.பி.ஏ. எச்சம் இருப்பதாக ஜப்பான் சொன்னதும் கொழும்பு வரை பதறியது. ஜப்பான்காரர் குடிக்கும் கோப்பைக்கு ஓர் அளவு உண்டு, அளந்து பார்க்க ஆய்வுகூடமும் உண்டு. நம் கறிச்சட்டிக்கு எந்த அளவு? அதை யார் பார்க்கிறார்கள்?

2022 நெருக்கடியில் வீட்டுத் தோட்டம் போடுங்கள் என்று அரசாங்கமே சொன்னது. சம்பளம் அரிசி மாவுக்கே பற்றாத வீடுகளில் அந்தப் பாத்தி பொழுதுபோக்கு அல்ல. பிள்ளைகளின் கறி அது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறோம். முதுகில் டாங்கியைச் சுமப்பவரும் நம் ஆள்தான். மருந்து முதலில் படுவது அவர் உடம்பில். அவரோடு நமக்குச் சண்டையில்லை.

சந்தேகம் உள்ளவர்கள் சோதித்துப் பாருங்கள். இரண்டு தகர டின் எடுங்கள். ஒன்றில் உங்கள் பாத்தி மண், மற்றதில் மருந்து படாத இடத்து மண். ஒரே பக்கெட்டிலிருந்து பத்துப் பத்து போஞ்சி விதை போடுங்கள். ஒரே தண்ணீர், ஒரே வெளிச்சம். மூன்று கிழமை பாருங்கள். இரண்டும் கெட்டால் விதையைத் திட்டுங்கள். பாத்தி மண்ணில் மட்டும் கெட்டால் மண்ணில்தான் கோளாறு. அந்த டின்களை, மருந்து அடித்த திகதியோடு தோட்டக் கமிட்டிக்குக் கொண்டு வாருங்கள். ஆபீஸ் மேசையில் நாம் வைப்போம்.

நாம் கேட்பது நான்கு:

1. எந்த மலையில், எந்த மருந்து என்று முதல் நாளே பெரட்டில் அறிவிக்க வேண்டும்.

2. காற்று வீசும் நாளிலும் மழை இருட்டும் நேரத்திலும் மருந்து அடிக்கக் கூடாது.

3. லயம், பிள்ளை மடுவம், பாடசாலை, பீலி, மரக்கறிப் பாத்தி ஆகியவற்றைச் சுற்றிக் கையால் புல்லு வெட்ட வேண்டும். அதற்கு முழுப் பேர் போட வேண்டும்.

4. டாங்கியைப் பீலியிலோ ஆற்றிலோ கழுவக் கூடாது.

இதில் ஒன்றும் கம்பனியால் முடியாத காரியம் இல்லை. நாம் கேட்காத வரை அவர்கள் செய்யவும் மாட்டார்கள். அடுத்த பெரட்டில் முதல் கேள்வியை நாமே கேட்போம்: “இன்றைக்கு என்ன மருந்து?”