சீட்டாட்டத்தில் தோற்காதவன்



திருவிழாக் கூட்டத்தின் ஓரத்தில் துண்டை விரித்து, மூன்று சீட்டைக் கவிழ்த்துப் போட்டு, “வை ராஜா வை” என்று கூவுகிறவனை நீங்கள் அறிவீர்கள். போலீஸ்காரர் தலை தெரிந்தால் துண்டைச் சுருட்டிக்கொண்டு ஓடுவான். அவனுக்குப் பணக்காரத் தாயாதிகள் தோன்றினார்கள். அவர்கள் ஓடவில்லை. பெருநகரங்களில் அலுவலகம் திறந்தார்கள். சினிமா நட்சத்திரங்களைக் கொண்டு விளம்பரம் செய்தார்கள். அவர்களுள் ஒருவருடைய பெயர் 2023 முதல் 2025 ஆகஸ்ட் வரை இந்தியக் கிரிக்கெட் அணியின் மார்பிலேயே பொறிக்கப்பட்டிருந்தது. அரசு தடை போட்டபோது உயர்நீதிமன்றப் படியேறி, “எங்களுடையது சூதாட்டமன்று, திறமை விளையாட்டு” என்று வாதாடினார்கள்.

திறமை! இந்த ஒரு சொல்லின் வரலாறு தெரியாதவர்க்கு இணையவழி ரம்மியின் வரலாறு விளங்காது.

பத்திரிகைகள் பரிசுப் போட்டி நடத்திப் பணம் குவித்த காலம் ஒன்றிருந்தது. அதை அடக்க 1955-இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது: மாதம் 1,000 ரூபாய்க்கு மேற்பட்ட பரிசுக்குத் தடை, அதற்குட்பட்டதற்கும் உரிமம். 1957-இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ஏற்றுக்கொண்டது. சூதாட்டம் அரசியல் சட்டம் காக்கும் தொழிலாகாது என்று சொல்லிற்று. ஆனால் திறமையால் வெல்லும் போட்டிகளுக்கு அச்சட்டம் பொருந்தாது என்றும் வரம்பு கட்டிற்று. 1967-இல் ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டமே என்றது. 1996-இல், நம் தமிழ்நாட்டு வழக்கிலேயே, குதிரைப் பந்தயமும் திறமை என்றாயிற்று. இப்படிப் படிப்படியாக அகன்ற வாசல் வழியாகத்தான் பின்னர் கைப்பேசி நிறுவனங்கள் நம் வீட்டுக்குள் நுழைந்தன.

அந்த 1967-ஆம் ஆண்டுத் தீர்ப்பை இந்நிறுவனங்கள் ஓயாமல் மேற்கோள் காட்டும். ஒரு பாதியைக் காட்டும். மறு பாதியைக் காட்டாது. விளையாடுவது ரம்மியே ஆனாலும், ஆட்டம் நடத்தும் இடத்தின் உரிமையாளர் அதிலிருந்து இலாபம் எடுத்தால் குற்றம் நிலைநாட்டப்படலாம் என்று அதே தீர்ப்பு எச்சரித்தது. செகந்தராபாத்து மன்றமொன்றைப் பற்றிய வழக்கு அது. உறுப்பினர்கள் கூடி ஆடும் மன்றம் சாதாரணக் கட்டணம் வாங்குவது வேறு; பந்தயப் பணத்திலேயே பங்கெடுப்பது வேறு.

பங்கெடுத்தால் என்ன ஆகும்? கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆறு பேர், ஆளுக்கு 1,000 ரூபாய், மொத்தம் 6,000 ரூபாய். ஆட்டத்துக்கு ஆளுக்கு 100 ரூபாய் பந்தயம். மேசை நடத்துகிறவருக்கு நூற்றுக்குப் பத்து என்று வைத்துக்கொள்வோம். ஆட்டத்துக்கு 60 ரூபாய் அவருக்கு. ஐம்பதாவது ஆட்டம் முடியும்போது 3,000 ரூபாய், அதாவது கொண்டுவந்த பணத்தில் சரிபாதி, ஆடாத ஒருவருடைய பையில் இருக்கும். அறுவரும் மேதைகளாயினும் அந்த 3,000 ரூபாய் போயே தீரும். அறுவருள் யார் எவ்வளவு இழப்பது என்பதைத்தான் திறமை தீர்மானிக்கிறது. எவனாவது காசு தீர்ந்து எழுந்து போனால், நள்ளிரவிலும் அந்த நாற்காலிக்கு வேறொருவன் கிடைப்பான். நாடெங்கும் விரிந்த மேசை அல்லவா!

ஆகவே, திறமையா வாய்ப்பா என்று நீதிமன்றங்கள் ஆராய்ந்துகொண்டிருந்த அறுபது ஆண்டுகளும், கேட்க வேண்டிய கேள்வி கேட்கப்படாமலே இருந்தது என்பது நம் துணிபு. மேசை யாருடையது? தோற்காமல் எழுந்து போகிறவன் யார்?

திறமையும் வாய்ப்பும் கலந்த தொழில் எது என்று நாம் சொல்கிறோம். துறையூரிலிருந்து பச்சைமலை ஏறிப் பாருங்கள். டாப் செங்காட்டுப்பட்டியைச் சுற்றிய ஊர்களில் மலையாளிப் பழங்குடி மக்கள் மரவள்ளி பயிரிடுகிறார்கள். (கேரளத்தார் என்று எண்ணிவிடாதீர்கள், மலையை ஆள்பவர் என்று அந்தப் பெயருக்குப் பொருள் சொல்வார்கள்.) குச்சி நட்டுக் கிழங்கு தோண்ட ஏறத்தாழப் பத்து மாதம். மழை எப்படியோ, விலை எப்படியோ, தெரியாது. ஆலைக்குப் போனபின் மாவுச்சத்தின் ‘பாயிண்ட்’ பார்த்துத்தான் விலை. அந்த உழவரின் கைத்திறத்துக்குக் குறைவில்லை. எனினும் வானம் பொய்த்தால் நட்டம் முழுவதும் அவருடையது. அவருக்காக வாதாட மூத்த வழக்கறிஞர் எவரும் வருவதில்லை. அவருடைய மகன் வேலை தேடி மலையிறங்கும்போது சட்டைப்பையில் கைப்பேசி இருக்கிறது. சேர்ந்தவுடன் இனாமாகச் சில ரூபாய் தருகிறோம், ஆடிப் பார் என்று அந்தக் கைப்பேசி அவனை அழைத்தது. கிழங்கு விற்ற பணம் மலையிலிருந்து இறங்கப் பேருந்தாவது வேண்டியிருந்தது. இந்த வழியில் அதுவும் வேண்டியதில்லை.

தமிழ்நாடு விழித்துக்கொள்ளாமலில்லை. 2020 நவம்பரில் அவசரச் சட்டம், 2021 பிப்ரவரியில் சட்டம். அதே ஆண்டு ஆகஸ்டு 3-ஆம் நாள் சென்னை உயர்நீதிமன்றம் அதைச் செல்லாதென்றது. 2022-இல் நீதிபதி கே. சந்துரு தலைமையில் குழு அமைக்கப்பட்டது. அதன் அறிக்கைக்குப்பின் அக்டோபரில் மீண்டும் அவசரச் சட்டம் வந்தது. ஆளுநர் ஆர்.என். ரவி அதில் ஒப்பமிட்டார். அதே பொருள்பற்றிய மசோதாவை அதே மாதம் 19-ஆம் நாள் சட்டமன்றம் நிறைவேற்றி அனுப்பியபோதோ, ஏறத்தாழ நாலரை மாதம் வைத்திருந்து, 2023 மார்ச்சில், சட்டமன்றத்துக்கு அதிகாரமில்லை என்று திருப்பியனுப்பினார். அவசரச் சட்டமாக வந்தபோது இருந்த அதிகாரம், மக்கள் பிரதிநிதிகள் வாக்களித்தவுடன் எங்கே போயிற்று? இடையில் அவசரச் சட்டம் காலாவதியாகிவிட, மேசைகள் தடையின்றி நடந்தன. சட்டமன்றம் மார்ச் 23-ஆம் நாள் மறுபடி நிறைவேற்றியது. ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. பந்தயமும் சூதாட்டமும் மாநிலப் பட்டியலில் 34-ஆவது இனம் என்பதைப் பள்ளிப் பிள்ளையும் புரட்டிப் பார்த்துக்கொள்ளலாம். 2023 நவம்பர் 9-ஆம் நாள் உயர்நீதிமன்றமும் சட்டமன்றத்தின் அதிகாரத்தை ஒப்புக்கொண்டது. ஆனால் ரம்மியையும் போக்கரையும் மட்டும், பழைய திறமைக் கணக்கின்படி, தடையிலிருந்து விடுவித்தது. தடுக்க முடியாததை ஒழுங்குபடுத்த 2025 பிப்ரவரியில் விதிகள் வந்தன: நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆட்டம் கூடாது, ஆதார் சரிபார்ப்பின்றிச் சேர்க்கக் கூடாது. இதை எதிர்த்தும் நிறுவனங்கள் வழக்காடின. அந்தரங்க உரிமை பறிபோகிறதென்றன. ஜூன் 3-ஆம் நாள் உயர்நீதிமன்றம் விதிகள் செல்லும் என்றது.

பிறகு நடந்ததைக் கேளுங்கள். 2025 ஆகஸ்டு 20-இல் மக்களவை, 21-இல் மாநிலங்களவை, 22-இல் குடியரசுத் தலைவர் ஒப்புதல். திறமையானாலும் வாய்ப்பானாலும் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டம் நாடெங்கும் தடை. நடத்துவோர்க்கு மூன்றாண்டுச் சிறை வரை, ஒரு கோடி ரூபாய் அபராதம் வரை. ஆண்டுதோறும் 45 கோடிப் பேர் சுமார் 20,000 கோடி ரூபாய் இழப்பதாக மத்திய அரசே மதிப்பிட்டது. பெரிய நிறுவனங்கள் பண ஆட்டத்தை நிறுத்திவிட்டதாக அறிவித்தன. தடையை நாம் வரவேற்கிறோம். திறமை என்ற பழைய திரையைக் கிழித்ததற்காகவும் வரவேற்கிறோம். ஆனால் தமிழ்நாடு ஐந்தாண்டு போராடியபோது இந்த விரைவு எங்கே இருந்தது? மாநிலப் பட்டியலிலுள்ள ஒன்றை, மாநிலங்களைக் கலந்துகொள்ளாமல், மூன்றே நாளில் டெல்லி கையிலெடுத்துக்கொள்வதுதான் கூட்டாட்சியா? அச்சட்டத்தை எதிர்த்த வழக்குகளை 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தன்னிடம் மாற்றிக்கொண்டது.

வரியைப்பற்றியும் ஒரு சொல். 2023 அக்டோபர் முதல் கட்டும் பணம் முழுவதன்மீதும் 28 விழுக்காடு வரி. 2025 செப்டம்பர் 22 முதல் அது 40. தடுப்பதற்கு வரி என்பார்கள். வரி வருமானத்துக்குப் பழகிய கருவூலம் எளிதில் விடுபடாது. நம் மாநிலம் 1968-இல் பரிசுச் சீட்டைத் தானே தொடங்கியது. நல்ல நோக்கத்தோடுதான் தொடங்கியது. கூலிக்காரன் அன்றாடக் கூலியைச் சீட்டுக் கடையில் கொட்டியதைப் பார்த்தபின், 2003-இல்தான் எல்லாப் பரிசுச் சீட்டையும் தடைசெய்ய முடிந்தது.

விளையாட்டையே பகைக்கும் பத்தியமல்ல நம்முடையது. கணினியில் கதையும் காட்சியும் அமைத்து விளையாட்டுப் படைக்கும் இளைஞர் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களையும் சூதாடிகளையும் ஒரே கூண்டில் நிறுத்துவது அநியாயம். புதிய மத்தியச் சட்டம் இரண்டையும் பிரித்துக் காட்டியது நன்றே. எனினும் அங்கேயும் ஒரு பொந்து இருக்கிறது. குழந்தைகள் ஆடும் ஆட்டங்களில், உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத பெட்டியைக் காசு கொடுத்துத் திறக்கச் சொல்கிறார்கள். பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் 2018-இல், சில ஆட்டங்களில் இருந்த அத்தகைய பெட்டிகள் சூதாட்டச் சட்டத்தை மீறுவன என்று முடிவு செய்தது. சீனா 2017 முதல், எந்தப் பொருள் எத்தனை வாய்ப்பில் கிடைக்கும் என்று வெளியிட வைத்தது. நம் நாட்டில் இதுபற்றிப் போதிய பேச்சு இல்லை. வரும் கிளைக் கூட்டத்தில் தோழர்கள் தத்தம் வீட்டுக் கைப்பேசியைத் திறந்து, பிள்ளைகள் அந்தப் பெட்டிகளுக்கு எவ்வளவு கட்டியிருக்கிறார்கள் என்று பார்த்துக் குறித்துக்கொண்டு வரட்டும். அந்தக் கணக்கைத் தொகுத்து நம் நாடாளுமன்ற உறுப்பினரிடம் கொடுப்போம்.