படத்தைப் பார்த்துப் பேர் வைக்காதீங்க

வேதாரண்யம் பக்கம் மணல் கொல்லையில விழுந்து கிடக்கிற தென்னை மட்டையைப் புரட்டினா, கறுப்பா ஒரு சிலந்தி சர்ருன்னு ஓடும். இரை பிடிக்க வலை கட்டுறதில்ல. பகல்ல மட்டைக்கடியில பட்டுப் பை மாதிரி ஒண்ணு கட்டி அதுக்குள்ள படுத்திருக்கும், ராத்திரி வேட்டைக்குக் கிளம்பும். எங்களுக்கு அது வெறும் எட்டுக்கால் பூச்சி. படம் எடுத்து அனுப்பினா, பட்டணத்து நண்பர்கள் அஞ்சு நிமிஷத்துல "விஷம், அடிச்சுடுங்க"ம்பாங்க. இந்த அவசரத்தைத்தான் நான் ஏத்துக்க மாட்டேன்.

கைலென்ஸ் இருந்தா குடும்பம் வரைக்கும் நாமளே சொல்லலாம். வயித்து நுனியில நூல் விடுற காம்பு ரெண்டு உருண்டு நீண்டு, ஒண்ணுக்கொண்ணு தள்ளி நின்னா அது பெரும்பாலும் நாஃபோசிடே, அதாவது தரைச்சிலந்திக் குடும்பம். ஓநாய்ச் சிலந்தின்னா கண்ணே காட்டிக்கொடுத்துடும்: கீழ நாலு சின்னது, மேல ரெண்டு பெருசு, பின்னாடி ரெண்டு. தாய், முட்டைப் பையைப் பின்னால ஒட்டிக்கிட்டே திரியும், பொரிச்ச குஞ்சுகளை முதுகுல சுமக்கும்.

இனம் எதுன்னு சொல்றதுதான் கஷ்டம். தரைச்சிலந்தியில மட்டும் உலகத்துல 2,000 இனத்துக்கு மேல இருக்கு. ஆணுக்கு வாய்ப்பக்கத்து உணர்கால் நுனி, பெண்ணுக்கு வயித்தடித் தகடு, ரெண்டையும் நுண்ணோக்கியில பார்த்தாத்தான் தெரியும். வளராத குஞ்சுன்னா நிபுணரே பெரும்பாலும் கையை விரிச்சுடுவார். இந்தியத் தரைச்சிலந்திகளைப் பத்தி பி.கே. டிக்காதர் 1982ல ஒரு தொகுதியோட பகுதியா எழுதினார். செல்போன் படம் அந்த வேலையைச் செய்யாது.

எல்லாம் எப்பவோ கண்டுபிடிச்சாச்சுன்னும் நினைக்காதீங்க. ராமேஸ்வரத்துல புளியமரப் பொந்துல வாழுற உள்ளங்கை அகலச் சிலந்திக்கே 2004லதான் அறிவியல் பேர் கிடைச்சுது. அது மரத்துச் சிலந்தி, அவ்வளவு பெருசு. மட்டைக்கடியில ஓடுற பொடிசை யார் தேடுவாங்க?

பேர் தெரியலன்னா என்ன நஷ்டம்னு கேப்பீங்க. நெல் வயலுக்கு வாங்க. தூர்ல ஓடுற ஓநாய்ச் சிலந்தி புகையானைத் தின்னும். கண்ட மருந்தையும் அடிச்சா முதல்ல சாகுறது சிலந்தி, அப்புறம் புகையான் பெருகிடும். இந்தோனேசியா இதுல அடிபட்டுத்தான் 1986ல 57 பூச்சிமருந்துகளை நெல்லுக்குத் தடை பண்ணுச்சு. நம்ம கடையில இன்னும் "பூச்சிக்கு என்ன மருந்து?"ன்னுதான் கேக்குறோம், எந்தப் பூச்சின்னு யாரும் கேக்குறதில்ல.

ஊருக்கு வர்றப்ப மட்டையைப் புரட்டிப் பாருங்க, பார்த்துட்டு அப்படியே திருப்பி வெச்சுடுங்க. செத்துக் கிடந்தா ஸ்பிரிட்ல போட்டு, இடமும் தேதியும் பென்சில்ல எழுதி உள்ளயே போட்டு, விலங்கியல் படிச்சவங்க கையில குடுங்க. பேனா மை ஸ்பிரிட்ல கரைஞ்சுடும்.