காரைப் புதருக்குப் பட்டா யார் பேரில்?

காரைப் பழத்தைப் ‘பஞ்ச காலத்து உணவு’ என்று எழுதிவைத்தார்கள். இப்போது அதே பழம் ‘பாரம்பரிய உணவு’ ஆகிவிட்டது. பஞ்சம் யாருக்கு, பாரம்பரியம் யாருடையது என்று கேட்டால் மட்டும் பதில் வராது.

பாளையம்பட்டி, திருச்சுழிப் பக்கத்துக் காட்டில் காரை தானா முளைக்கும். ஆளுயரப் புதர். ஜோடி ஜோடியா முள்ளு. மஞ்சளாகப் பழுத்தால் தின்னலாம். எலையைக் கீரையா ஆக்கலாம். முள்ளை வெட்டி வேலி அடைக்கலாம். யாரும் விதைக்கல, தண்ணி பாய்ச்சல. அதனால் சர்க்கார் கணக்கில் அது பயிரே இல்லை. அது நிற்கிற இடத்துக்குப் பேர் தரிசு, புறம்போக்கு. எங்க சனம் வயிறு கழுவின இடம் அவனுக்குத் தரிசு!

தாது வருசப் பஞ்சத்தில், 1877இல், நிவாரண வேலைக்கு வந்த ஆம்பளைக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் காசும் போதுமென்று குறைத்தார் ரிச்சர்ட் டெம்பிள். மழை எல்லோருக்கும்தான் பொய்த்தது. குதிரில் தானியம் வைத்திருந்தவனா முள்ளுக்காட்டுக்குப் போனான்? நிலமில்லாதவன் போனான். ஆக, காரையைத் தின்ன வைத்தது வானம் மட்டுமில்லை, சாதியும்தான்.

1948இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. பட்டா குடியானவன் பேருக்குப் போச்சு. பொது நிலம் சர்க்காருக்குப் போச்சு. கூலிக்காரனுக்கு மிஞ்சியது முள்ளு. அதையும் சர்க்காரே பரப்பிய சீமைக்கருவேல் நெருக்கித் தின்றது. பக்கத்துக் கமுதியில் 2016இல் 2,500 ஏக்கரில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் எழுந்தது. ‘சும்மா கிடந்த நிலம்’ என்கிறார்கள். எந்த நிலமய்யா சும்மா கிடந்தது? ஆடு மேய்ந்ததும் விறகு பொறுக்கியதும் பழம் பறித்ததும் எந்தக் கணக்கில் வரும்?

நகரத்து உணவுத் திருவிழாக்காரர் ‘நம் முன்னோர் அறிவு’ என்று பூரிக்கிறார். அந்த ‘நம்’முக்குள் எங்கள் கிழவி இருக்கிறாளா? வரப்போரம் அவள் கீரை ஒடித்தால் களவு, நீங்கள் தட்டில் வைத்தால் பண்பாடா?

காரையைக் காப்பாற்ற ஆசையிருந்தால் பழத்தைப் புகழ வேண்டாம், நிலத்தைப் பேசுங்கள். 1892 அரசாணைப்படி பஞ்சமருக்கு ஒதுக்கிய நிலத்தைப் பிற சாதிக்கு விற்கக்கூடாதென்பது விதி. அந்த நிலத்தைக் கேட்டதற்குத்தான் 1994இல் செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிக்கு ஜான் தாமஸும் ஏழுமலையும் பலியானார்கள். பஞ்சமி நிலத்தை மீட்டுக் கொடு. புறம்போக்கில் எங்களுக்குள்ள அனுபோக உரிமையை எழுதிக் கொடு. காரையை நட்டு வளர்க்க எங்களுக்கு யாரும் கத்துத்தர வேண்டியதில்லை.